நுரை நின்ற குவளை

இன்று பின்னேரம் வேலை முடிந்து நூலகத்தை விட்டு வெளியே வந்தபோது, தெருமுனையிலிருக்கும் பீர் ஆலையிலிருந்து பார்லி அவியும் மணம் வந்தது. உனக்கு அந்த மணம் தெரியும். முதல் தடவை அந்தப் பக்கமாக நடந்தபோது நீ மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "ஆரோ உளுந்தை ஊறப்போட்டிட்டு மறந்துபோட்டினமடி" என்றாய். அதன்பிறகு அந்த ஆலைக்கு நம்மிடையே உளுந்துக்காரன் வீடு என்று பெயர். பஸ் தரிப்பில் நின்றவர்கள் யாரும் அந்த மணத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு சென்ட்ரல் ரயில் நிலையம் வரைக்கும் நடந்தேன்.

நீ இறந்து எட்டு மாதமாகிறது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. அதை யாரும் நடுவீட்டில் இருந்துகொண்டு சத்தமாக வாசிக்கமாட்டார்கள்.

எழுபத்தைந்தாம் ஆண்டுக் குளிர்காலம் அது. இந்த நாட்டில் ஜூன், ஜூலையில்தான் குளிர். ஹோம்புஷில் ரயில் பாதையை ஒட்டிய சிவப்புச் செங்கல் கட்டடத்தில் நாம் இருவரும் ஒரு சின்ன வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தோம். ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். இங்கே வந்து சேர்ந்ததும் மூன்று மாத இடைவெளியில்தான். நான் நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை எழுதினேன். நீ ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஊராரின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஜூன் மாதத்தில் உன்னை வேலையில் நிரந்தரமாக்கினார்கள். அந்தக் கடிதத்தைக் குசினி மேசையில் விரித்து, அதன் நாலு மூலையிலும் நாலு சிரட்டைக் கரண்டிகளைப் பாரத்துக்கு வைத்துவிட்டு, "இந்தா பார், இனி என்னை ஒருத்தரும் இங்கையிருந்து கலைக்கேலாது" என்றாய். இந்த நாட்டில் நீ ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். சொந்தச் சம்பளம், சொந்தச் சாவி, யாரையும் கேட்காமல் வீட்டுக்கு வந்து போகும் வழி.

நிரந்தரமானவர்களுக்கு விருந்து வைப்பது உன் ஆய்வுகூடத் தலைவி ஹெல்காவின் வழக்கம். அவள் பவேரியாப் பக்கத்தில் பிறந்தவள். நகரத்திலிருந்த ஜெர்மன் பீர் மண்டபத்துக்கு ஒரு சனிக்கிழமை வரச்சொன்னாள். தனியே போகக் கூச்சப்பட்டு என்னையும் இழுத்தாய்.

"நான் ஏன் அங்கை? எனக்கு ஆரைத் தெரியும்?"

"நீ நாவலிலை போற இடமெல்லாம் ஆரைத் தெரிஞ்சு போறனி? வா, பேசாமல்."

என்னிடம் நல்ல சீலை இருக்கவில்லை. உன்னுடைய கரும்பச்சைக் காஞ்சிபுரத்தை நீயே எனக்கு உடுத்திவிட்டு, கொய்யக மடிப்புகளைக் குந்தியிருந்து சரிசெய்தாய். நீ ஒரு பழைய வாயில் பருத்திச் சீலையும் அதன் மேலே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டாய். விருந்து உனக்குத்தான். ஆனால் பார்த்தவர்களுக்கு அது எனக்கு வைத்த விருந்து போலத்தான் தெரிந்திருக்கும்.

ஆறு மணிக்கே மண்டபம் நிறைந்திருந்தது. தெருவிலிருந்து படி இறங்கிக் கீழே போகவேண்டும். நீளமான பலகை மேசைகள், சாய்மானமில்லாத வாங்குகள். தனி மேசை என்று அங்கே ஒன்றும் கிடையாது. இடம் இருந்தால் யாருக்குப் பக்கத்திலும் யாரும் உட்காரலாம். தோல் காற்சட்டை போட்ட நாலு கிழவர்கள் மேடையில் பித்தளை வாத்தியங்களை ஊதினார்கள். எல்லாவற்றிலும் பெரிய குழல் ஒருவரின் உடம்பையே சுற்றிக்கொண்டிருந்தது. "மலைப்பாம்பு பிடிச்ச மனிசன்" என்று என் காதுக்குள் சொன்னாய். ஒரு பரிசாரகி, கைக்கு நாலாக எட்டுக் கண்ணாடிக் குவளைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நம்மைக் கடந்து போனாள்.

சாப்பாடுதான் பெரிய சிரிப்பு. நாம் இறைச்சி தின்பதில்லை என்று ஹெல்கா முதலே சொல்லிவைத்திருந்தாள். சிவப்புக் கோவா இலைகளை அவித்தது வந்தது.

"இதிலே இறைச்சி இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாய்.

"இல்லவே இல்லை" என்றாள் பரிசாரகி. "கொஞ்சம் பன்றிக் கொழுப்புத்தான்."

"அப்படியானால் இந்த உருளைக்கிழங்கு?"

"அதிலும் இறைச்சி கிடையாது. பன்றித் துண்டுதான், சின்னச் சின்னதாக."

நீ என் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "எடி, இவைக்குப் பண்டி மரக்கறியடி" என்றாய். என்ன சொன்னாய் என்று ஹெல்கா கேட்டாள். நான் சொன்னதும் முன்பின் தெரியாதவர்களும் சேர்ந்து அந்த மேசையே சிரித்தது. கடைசியில் நாம் சாப்பிட்டது உப்புத் தூவிய பிரெட்செல் ரொட்டியும் அப்பிள் பலகாரமும்தான். பிரெட்செல்லைக் கையில் தூக்கிப் பார்த்து, "முறுக்கும் பாணும் கலியாணம் கட்டிப் பெத்த பிள்ளை" என்றாய்.

குடிக்க என்ன வேண்டும் என்று ஹெல்கா கேட்டபோது நீ அப்பிள் சாறு கேட்டாய். உனக்கு அதில் பக்தியோ கட்டுப்பாடோ ஒன்றுமில்லை. மணம் பிடிக்காது, அவ்வளவுதான். நான் பீர் கேட்டேன். அதுவரைக்கும் எத்தனையோ நாவல்களில் எத்தனையோ பேர் பீர் குடித்ததை வாசித்திருந்தேன். நுரை மேலுதட்டில் ஒட்டும் என்பதும், குவளையின் வெளிப்பக்கம் வியர்க்கும் என்பதும் எனக்குத் தெரியும். சுவை மட்டும் தெரியாது. நீ தடுக்கவில்லை. கையை நாடிக்குக் கொடுத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாய்.

"எப்பிடி?"

"பாவக்காய் அவிச்ச தண்ணி."

"அப்ப வையன் கீழை."

"முடிச்சுப் பாக்கவேணும்."

"ஓம், நீ புத்தகமும் அப்பிடித்தானே. பிடிக்காட்டிலும் கடைசிப் பக்கம் வரைக்கும் விடமாட்டாய்."

பிறகு அசைந்தாடும் பாட்டொன்றை வாசித்தார்கள். அதற்கு மேசையில் இருக்கும் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரோடு கைகோத்து இடமும் வலமுமாக ஆடவேண்டும். அது அந்த மண்டபத்து வழக்கம். யாரும் விலகி இருக்க முடியாது. உன் இடப்பக்கம் நான். வலப்பக்கம், தச்சு வேலை செய்யும் ஒரு கிழவர். அவர் தன் பேத்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் படம்பிடித்து விற்கிற ஒரு பெண் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தாள். அவள் கமராவை உயர்த்தியபோது நீ வாய் நிறையச் சிரித்தாய். நான் வாயை மூடிச் சிரித்தேன்.

ஹெல்கா இரண்டு பிரதிகள் வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தாள். உன்னுடையதை நீ குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினாய். நல்ல கலர்ப் படம். காஞ்சிபுரத்தின் சரிகை பளபளக்கிறது. உன் கை என் முழங்கைக்குள் இருக்கிறது. நமக்கு முன்னால் இரண்டு குவளைகள். ஒன்றில் அப்பிள் சாறு. மற்றதில் நுரை நிற்கிறது. ஆடியபோது அது நகர்ந்து, உன் பக்கமாகப் போயிருந்தது.

அடுத்த கிழமை ஊரிலிருந்து அம்மாவின் நீல விமானக் கடிதம் வந்தது. கொழும்பில் ஓர் எஞ்சினியர் மாப்பிள்ளை, சீலை உடுத்த கலர்ப் படம் ஒன்று உடனே அனுப்பு என்று எழுதியிருந்தா. அந்த மாப்பிள்ளையில் எனக்கு விருப்பம் இருந்தது என்று நினைக்காதே. விருப்பமில்லை என்று சொல்லவும் துணிவில்லை. என்னிடம் இருந்த ஒரே கலர்ப் படம் அதுதான். குவளைகளை வெட்டி எடுக்கப் பார்த்தேன். வெட்டினால் சீலையும் பாதி போய்விடும். முழுப் படத்தையும் உறையில் வைத்தேன். நுரையைப் பார்த்தால் அம்மாவுக்கு விளங்கிவிடும். ஆகவே கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன். நுரை நிற்கிற குவளை அவளுடையது, என் முன்னால் இருப்பது அப்பிள் சாறு.

அவ்வளவுதான் எழுதினேன். எழுத அரை நிமிடம்கூடச் சென்றிருக்காது.

நம் ஊரில் வெளிநாட்டுக் கடிதம் ஒருவருக்கு வருவதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. அது ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெரு முழுவதுக்கும் வருகிறது. நாலு மணித் தேத்தண்ணிக்கு அக்கம்பக்கம் வந்து சேரும்வரை உறை உடைபடாது. பிறகு ஒருவர் நடுவில் இருந்து சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். பள்ளிக்கூடக் காலத்தில் ஒழுங்கைக்கே அந்த வாசிப்புக்காரி நான்தான். லண்டன் கடிதம், மலேசியாக் கடிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். எந்த வரியை விழுங்கவேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரியும். மருமகளைப் பற்றிய குறை வந்தால் கண் ஒரு வரி கீழே இறங்கும், குரல் தடங்காது. அம்மாவும் அப்படியே விழுங்குவா என்று நம்பினேன். நம்பினேனா, நம்பியதாக எனக்கே சொல்லிக்கொண்டேனா என்று இப்போது தெரியவில்லை.

அம்மா விழுங்கவில்லை. ஏன் விழுங்கவேண்டும்? மாப்பிள்ளை பேசும் நேரத்தில் தன் மகள் குடிக்கவில்லை என்பதை ஒழுங்கைக்கே அறிவிக்க அதைவிட நல்ல வரி அவவுக்குக் கிடைக்குமா? அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதியிருந்தா: "படம் நல்லது. எல்லோருக்கும் காட்டினேன். அந்தப் பிள்ளையோடு இனிக் கவனமாக இரு. கடிதம் வாசிக்கும்போது அவளின் சித்தியும் இருந்தவ."

அந்தக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நான் அதைப் படுக்கைக்குக் கீழே ஒரு புத்தகத்துக்குள் வைத்தேன். வெள்ளிக்கிழமை உன் வீட்டிலிருந்து உனக்குத் தந்தி வந்தது. அம்மாவுக்குக் கடுமை, உடனே புறப்படு.

நீ கதிரையில் அப்படியே இருந்துவிட்டாய். "போன கிழமை கடிதத்திலை நல்லாத்தானே இருந்தவ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். எனக்கு அந்தத் தந்தி என்னவென்று வாசித்த உடனேயே தெரிந்துவிட்டது. நம் ஊர்த் தந்திகளில் எத்தனை அம்மாமார் கடுமையாகி, பிள்ளை வந்து இறங்கியதும் எழும்பிச் சமைத்திருக்கிறார்கள்? உனக்கும் அது தெரியாமலிருக்காது. ஆனால் உன்னை ஏன் அப்படிக் கூப்பிடவேண்டும் என்பதற்கு உன்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. காரணம் என் படுக்கைக்குக் கீழே இருந்தது. "போகாதே, பொய்யாயிருக்கும்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் உன் பெட்டியை அடுக்கித் தந்தேன்.

விமான நிலையத்தில் நீ அழவில்லை. "தோசை மா குளிரிலை பொங்காது, ஹீட்டருக்குப் பக்கத்திலை வை. நாளைக்கே சுட்டுப்போடு. நான் ஒரு மாசத்திலை வந்திடுவன்" என்றாய். ஹெல்காவுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாய். அவள் உன் மேசையை மூன்று மாதம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

உன்னுடைய ஒரே கடிதம் ஆறு கிழமை கழித்து வந்தது. அதை நான் இப்போது எடுத்துப் பார்க்காமலே எழுதுகிறேன். "அம்மா சுகமாய் இருக்கிறா. பாஸ்போட் ஐயாவின்ரை அலுமாரிக்குள்ளை. ஒழுங்கையிலை எனக்கு இப்ப ஜெர்மன்காரி எண்டு பட்டம். சித்தி எல்லாம் சொன்னவ, நீ எழுதினதும் தெரியும். நான் ஒண்டும் மறுக்கேல்லை. மறுத்தா உனக்கும் ஒரு தந்தி வரும். ரண்டு பேரும் இஞ்சை வந்து என்ன செய்யிறது? ஒராளாவது அங்கை இருக்கட்டும்."

அதை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது ஆறுதல். வெட்கம் பிறகுதான் வந்தது. இன்னும் பிறகு கோபம் வந்தது. உன் மேலேதான். யார் உன்னிடம் அந்தப் பெருந்தன்மையைக் கேட்டது? நீ சண்டை பிடித்திருக்கலாம். என்னைப் பொய்க்காரி என்று நடு ஒழுங்கையில் நின்று கத்தியிருக்கலாம். நீ பேசாமல் இருந்ததால் நானும் பேசாமல் இருக்கப் பழகினேன். உனக்குப் பதில் எழுதினேன். மழை பற்றி எழுதினேன், நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகங்கள் பற்றி எழுதினேன். மா பொங்கவில்லை என்றுகூட எழுதினேன். அந்த ஒரு வரியைப் பற்றி எழுதவில்லை. நீ பிறகு எழுதவேயில்லை.

வவுனியாவில் கடை வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவருக்கு உன்னைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று அம்மா எழுதினா. கெட்ட பெயர் எடுத்த பிள்ளைக்கு அதுவே பெரிது என்றும் எழுதினா. என் எஞ்சினியர் மாப்பிள்ளை சாதகம் பொருந்தாமல் போய்விட்டார். யாருக்காக உன் பக்கம் குவளையை நகர்த்தினேனோ, அவர் வரவேயில்லை.

உன் சாவும் அம்மாவின் கடிதத்தில் ஒரு வரியாகத்தான் வந்தது. கிணறு இறைத்ததற்கும் மாமரம் காய்த்ததற்கும் இடையில். நெருப்புக் காய்ச்சலாம். வெறும் காய்ச்சல் என்று நினைத்து வைத்திருந்தார்களாம், இரத்தம் சோதிக்கப் பிந்திவிட்டதாம். நூலகத்தில் என் மேசையில் இருந்து அதை வாசித்தேன். இரத்தம் சோதிக்கப் பிந்திவிட்டது. ஹெல்காவிடம் போய்ச் சொன்னேன். "அவள்தான் என்னிடம் இருந்தவர்களிலேயே கெட்டிக்காரி. ஏன் போனாள்?" என்று கேட்டாள். உன் அம்மா நோயாய்க் கிடந்தா என்று சொன்னேன். அதுவும் பொய்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எழுதினேன். மூன்று பக்கம். பீர் குடித்தது நான். கேட்டு வாங்கியதும் நான். கடைசி வரைக்கும் குடித்து முடித்ததும் நான். அவள் குடித்தது அப்பிள் சாறு. உங்களுக்குப் பயந்து பொய் எழுதினேன். தந்தி பொய் என்று தெரிந்தும் அவளைப் போகவிட்டேன். ஒழுங்கை முழுவதையும் கூப்பிட்டு இதை வாசியுங்கள், அவளுடைய ஐயாவையும் கூப்பிடுங்கள், ஒரு வரியும் விழுங்கவேண்டாம் என்று எழுதி, அந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

உறையை ஒட்டி அன்றிரவே தபால்பெட்டியில் போட்டேன். ஊரில் இனி என் முகத்தில் யாரும் விழிக்கமாட்டார்கள், அம்மா எனக்கு எழுதமாட்டா என்று நினைத்தேன். அதை விரும்பினேன் என்றே சொல்லவேண்டும். உனக்குக் கிடைத்ததில் ஒரு பங்காவது எனக்குக் கிடைக்கவேண்டும் என்றிருந்தது.

பல மாதம் பதில் இல்லை. போன கிழமைதான் வந்தது. அம்மாவின் கையெழுத்து கொஞ்சம் ஆடியிருக்கிறது. மற்றபடி அதே நீலத்தாள்.

"நீ சொன்னபடி எல்லோரையும் கூப்பிட்டு வைத்து வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. பெண்டுகள் எல்லாம் அழுதுவிட்டார்கள். செத்துப்போன சிநேகிதியின் பழியைத் தன் தலையில் தூக்கிப்போட இந்தக் காலத்தில் யாருக்கு மனம் வரும் என்று கேட்டார்கள். அவளுடைய ஐயா எழுந்து வந்து கடிதத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இப்படி ஒரு பிள்ளை தனக்கு வாய்க்கவில்லையே, உன்னைப் பார்த்தாவது தன் மகள் திருந்தியிருக்கலாமே என்று சொல்லி அழுதார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் பிள்ளை, இனி இப்படி எழுதாதே. தெரியாத ஆட்கள் உண்மையென்று நம்பிவிடுவார்கள்."

அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. விழுங்குவதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள்.

உன் நல்ல பெயரை நான் எடுத்துக்கொண்டு நாலு வருடமாகிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் அந்த மூன்று பக்கத்தையும் எழுதினேன். அவர்கள் அதை மறுபடியும் என் கையிலேயே, இன்னும் கொஞ்சம் துடைத்து மினுக்கித் தந்துவிட்டார்கள். ஊரில் இப்போது என்னைப் போல நல்லவள் இல்லை. அந்தப் பெயரைத்தான் காலையில் ரயிலில் கொண்டுபோகிறேன். பின்னேரம் கொண்டுவருகிறேன்.

அம்மாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. மறுபடியும் உண்மையைச் சொன்னால் என்னை இன்னும் நல்லவளாக்கிவிடுவார்கள்.